அரை டாக்டரின் நோயாளிகள்

"இருமாதீங்க சித்தப்பா. உங்களுக்கு முழங்கால் வலி."

"முழங்கால் வலிக்காரன் இருமக் கூடாதுன்னு எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"நீங்க இருமினா எனக்குக் குழப்பமாகுது. நுரையீரலா, முழங்காலான்னு தெரியல."

"அது உன் பாடு. நான் நோயாளி. எனக்கு எது வருதோ அது வரும்" என்று சொல்லிவிட்டு, சோபாவில் படுத்திருந்த சித்தப்பா நெஞ்சு குலுங்க இன்னொரு முறை இருமினார்.

அவள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள். மருத்துவப் படிப்பு முடிந்துவிட்டது. உரிமத் தேர்வில் தேறினால்தான் வாசலில் பெயர்ப்பலகை மாட்ட முடியும். எழுத்துத் தேர்வில் அவள் புலி. செய்முறைத் தேர்வில்தான் போன தடவை மண்ணைக் கவ்வினாள்.

செய்முறைத் தேர்வு என்பது வரிசையாகச் சில அறைகள். ஒவ்வொரு அறையிலும் நோயாளியாக நடிக்க ஓர் ஆளை உட்கார வைத்திருப்பார்கள். அவரிடம் பேசி, தொட்டுப் பார்த்து, என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பரிசோதகர் மார்க் போடுவார். போன தடவை முதல் அறையில் ஓர் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். இவள் "வயசு?" என்று கேட்டாள். அப்புறம் சுவரைப் பார்த்தபடி, வயிற்றுவலிக்கான காரணங்களைக் கடகடவென்று ஒப்பித்தாள். அந்த அம்மாள் அழுவதை விட்டுவிட்டு இவளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள்.

மனிதர்களைப் பார்த்தால் இவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் விஷயம். "அப்ப வீட்டு ஆளுங்கள வச்சுப் பழகு" என்றாள் அம்மா, தையல் மிஷினில் கண்ணை வைத்துக்கொண்டே. "என்னை விட்டுடு. எனக்கு நோயாளியா இருக்க நேரமில்ல."

அம்மா முன்னறையில் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில்தான். மிஞ்சியவர் அப்பாவின் தம்பியான இந்தச் சித்தப்பா ஒருவர்தான். மின்சாதனக் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் ஆகாதவர், மாடியறைவாசி. இவளுக்கு 'அரை டாக்டர்' என்று பெயர் வைத்துத் தெரு முழுக்கப் பரப்பியவரும் அவரே. கேட்ட மாத்திரத்தில் சம்மதித்துவிட்டார். காரணம் இருந்தது. ஒரு நாடகக் குழுவில் அவர் நெடுநாள் உறுப்பினர். ஆனால் எந்த நாடகத்திலும் அவருக்கு அரண்மனை வாசலில் ஈட்டியுடன் நிற்கும் வேலைதான். ஒரே ஒரு முறை மாற்றிப் போட்டார்கள், பிணமாக. அதிலும் தும்மிவிட்டார்.

ஆகவே, வாழ்நாளில் முதல்முறையாக வசனம் கிடைத்தபோது அவர் அதை லேசில் விடத் தயாராக இல்லை. தலைவலி கொடுத்தால் நொண்டினார். காதுவலி கொடுத்தால் மயங்கி விழுந்தார்.

"எனக்கு நீ குடுக்கறதெல்லாம் சில்லறை நோய்" என்று குறைப்பட்டுக்கொண்டார். "கனமா ஏதாவது குடு. அப்புறம் பாரு நான் அடங்கி நடிக்கிறத."

அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. கெட்ட செய்தியை நோயாளியிடம் பக்குவமாகச் சொல்வது என்று தேர்வில் ஒரு பகுதி உண்டு. போன தடவை அதில் இவள், "உங்களுக்கு வந்திருக்கிறது குணமாகாத வியாதி, நன்றி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தாள்.

நாற்காலியைச் சோபாவுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைப் பார்த்தாள்.

"உங்க ரிசல்ட் வந்திருக்கு. நாம எதிர்பார்த்த மாதிரி இல்ல. நோய் ரொம்பப் பரவிடுச்சு."

சித்தப்பா இருமவில்லை. மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நாள்மா?" என்றார் குரல் உடைய.

"மாசக்கணக்குதான்."

"அண்ணன் கப்பல்லேர்ந்து வர்ற வரைக்குமாவது..." என்று நிறுத்தினார். அவர் கண்ணிலிருந்து நிஜமாகவே ஒரு சொட்டு உருண்டது. இவள் அதைத் துடைத்துவிட்டாள். முதல்முறையாக ஒரு நோயாளியிடம் ஒழுங்காகப் பேசியிருக்கிறோம் என்று மனம் பூரித்தது.

வாசல் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்த எதிர்வீட்டு டீச்சர், கைப்பையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இவள் எழுந்திருப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள். சட்டையை வாங்கிக்கொள்ளவில்லை.

டீச்சருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் பள்ளிக்கூட மணியே அடித்த மாதிரி. அன்று சாயங்காலமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பேக்கரிக்காரர் பெரிய கேக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேச முடியாமல் சித்தப்பாவின் தோளைத் தட்டினார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், முன்பு வாங்கிப் போன ஏணியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"இவங்ககிட்டல்லாம் உண்மையச் சொல்லிடுங்க சித்தப்பா" என்றாள் அவள், சமையலறையில் அவரை மடக்கி.

"சொல்றேன், சொல்றேன். கேக் நல்லா இருக்கு, நீ சாப்பிட்டியா?"

மறுநாள் நாடகக் குழுத் தலைவரே வந்தார். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு, "உனக்கு நாங்க ஒண்ணுமே செய்யலடா. அடுத்த நாடகத்துல நீதான் ராஜா" என்றார். சித்தப்பா அவர் தோளில் முகம் புதைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இனிப் பொறுத்தால் ஆகாது என்று அவளே கிளம்பினாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"டீச்சர், எங்க சித்தப்பாவுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கார்."

"என்னம்மா சொல்ற? என் காதால கேட்டேனே."

"அது வேற. இப்ப ஒண்ணுமில்ல. வேணும்னா அவரையே கேளுங்க."

அங்கேதான் தப்பு நடந்தது. டீச்சர் அவரையே கேட்டாள். அவருக்கோ இரண்டு பக்கமும் இடி. நோய் இருக்கிறதென்றால் அண்ணன் மகள் விடமாட்டாள். நோயே இல்லையென்றால் ஊர் ஏமாற்றுக்காரன் என்னும், ராஜா வேஷமும் போகும். கொஞ்ச நேரம் மேலே சுழலும் விசிறியைப் பார்த்தார்.

"இருந்தது டீச்சர். முத்திப்போய்த்தான் இருந்தது" என்றார். "இந்தப் பொண்ணு குணமாக்கிட்டா."

அடுத்த நாள் காலையில் அம்மா கதவைத் திறந்தபோது வாசலில் வரிசை நின்றது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உரிமம் வாங்கும் முன் வைத்தியம் பார்த்தது மருத்துவ மன்றத்தின் காதுக்குப் போனால், பிறகு தேர்வு எழுதவே விடமாட்டார்கள். படித்த படிப்பெல்லாம் சுவரில் மாட்டி வைத்துப் பார்க்கத்தான்.

"நான் வைத்தியம் பார்க்கக் கூடாதுங்க" என்று வாசற்படியில் நின்று சொன்னாள். "நான் டாக்டர் இல்ல. சித்தப்பா நோயாளியா நடிச்சார். நான் பரீட்சைக்குப் பழகிக்கிட்டேன். அவ்வளவுதான்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் மட்டும் யோசித்தாள்.

"அப்ப நோயாளியா நடிச்சா பார்ப்ப?"

"நடிச்சா... அது பழகறதுதானே."

"சரி" என்று டீச்சர் உள்ளே வந்து உட்கார்ந்தாள். "நான் நடிக்கிறேன். எனக்கு ரொம்ப நாளா படி ஏறினா மூச்சு வாங்கற மாதிரி நடிக்கிறேன்."

அவளுக்குப் பின்னால் பேக்கரிக்காரர். "எனக்கு நடிப்பெல்லாம் வராதும்மா. ஆனா காலைல எழுந்தா விரலெல்லாம் மடக்க முடியாத மாதிரி நடிப்பு தானா வந்துடுது."

அவள் விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "வந்தவங்கள நிக்க வச்சா பேசுவ? நாற்காலியப் போடு" என்றாள்.

வேறு வழியில்லாமல் ஒரு முடிவுக்கு வந்தாள். கேட்கலாம், பார்க்கலாம், மருந்தின் பெயர் மட்டும் வாயிலிருந்து வரக் கூடாது. எல்லாருக்கும் கடைசியில் ஒரே வாக்கியம்: "இந்த மாதிரி நிஜமாவே இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க." சொல்லும்போது 'நிஜமாவே' என்பதில் ஓர் அழுத்தம் கொடுப்பாள். அவர்களும் புரிந்துகொண்டு, "நிஜமா இருந்தாத்தானே, பார்ப்போம்" என்று எழுந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

பஸ் டிரைவர் நடிக்க வந்த அன்று, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொம்புத் தண்ணீரைக் காலி செய்ததைப் பார்த்தாள். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்ததையும் பார்த்தாள்.

"அண்ணே, இளைச்சுட்டீங்களா?"

"அதுவும் நடிப்புல சேர்த்திதான்" என்றார் அவர் பெருமையாக.

"அடிக்கடி தண்ணி தவிக்குதா?"

"நீ கேக்கறதப் பார்த்தா எனக்கே பயமா இருக்கே. நான் சும்மா முதுகு வலிக்கு நடிக்கத்தானே வந்தேன்."

அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. டிரைவர் திரும்பி வந்து, நடிக்கவே தெரியாத தன்னிடமே கண்டுபிடித்துவிட்டாள் என்று தெருவுக்கெல்லாம் சொன்னார். அடுத்த தெருவிலிருந்தும் நடிகர்கள் வர ஆரம்பித்தார்கள். முன்னறை கொள்ளவில்லை. அம்மாவின் வாடிக்கைக்காரிகள் அளவு கொடுக்க இடமில்லாமல் நின்றார்கள். நின்றவர்களும் சும்மா நிற்பானேன் என்று நடித்துவிட்டுப் போனார்கள். சித்தப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் ஆரம்பிச்சது, இப்ப எனக்கே முறை வரமாட்டேங்குது" என்று மாடிப்படியில் உட்கார்ந்து முணுமுணுத்தார்.

தேர்வு நெருங்கிய ஒரு மத்தியானம், டீச்சர் மூச்சிரைக்க ஓடிவந்தாள். நடிப்பா என்று கேட்க அவகாசமில்லை.

"தெருமுனைல ஒரு ஆளு. டை கட்டியிருக்கான். கைல கறுப்புப் பெட்டி. உங்க வீட்டைத்தான் விசாரிக்கிறான்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மருத்துவ மன்றம். யாரோ வத்தி வைத்துவிட்டார்கள்.

"யாரும் நோயாளி மாதிரி இருக்காதீங்க" என்றாள். "எல்லாரும் துணி தைக்க வந்தவங்க மாதிரி நடிங்க."

கொஞ்ச நாளாகவே நடித்துப் பழகிய கூட்டம். நொடியில் மாறிவிட்டது. விரல் மடக்க முடியாத பேக்கரிக்காரர் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார். டீச்சர் துணியை விரித்துச் சாயம் போகுமா என்று உரசிப் பார்த்தாள். அம்மா கையில் கிடைத்த ஆளை இழுத்து அளவெடுக்க ஆரம்பித்தாள். கிடைத்தவர் பஸ் டிரைவர்.

டை கட்டியவர் உள்ளே வந்து, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இங்க என்ன நடக்குது?"

"கவுன் தைக்கிறோம்" என்றாள் அம்மா. "கழுத்துல லேஸ் வைக்கணுமாண்ணே?"

"வச்சிடுங்க" என்றார் டிரைவர், கைகளைத் தூக்கியபடி.

வந்தவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே எண்ணெய்ப் புட்டியும் திருப்புளிகளும் இருந்தன. தையல் மிஷின் கம்பெனியிலிருந்து சர்வீஸ் பார்க்க வந்தவர். அம்மாதான் போன் செய்து கூப்பிட்டிருந்தாள், சுத்தமாக மறந்துவிட்டாள்.

அறையே பெருமூச்சு விட்டது. மிஷினைக் கழற்றி மாட்டி முடித்தபின் அவர் எழுந்திருக்கச் சிரமப்பட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இங்க யாரோ நடிச்சாப் பார்ப்பாங்கன்னு பேக்கரில சொன்னாங்க. எனக்கும் கொஞ்ச நாளா நடிக்கணும்போல இருக்கு."

தேர்வு நாள் வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் தேர்வு. நீண்ட நடைவழி, இருபுறமும் மூடிய கதவுகள். வாசலிலேயே விதியைப் படித்துக் காட்டினார்கள். ஓர் அறைக்குள் போனால் மணி அடிக்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த அறையில் தோல்வி. ஓர் அறையில் தோற்றாலும் தேர்வில் தோல்வி. சில அறைகளில் பரிசோதகர் மூலையில் உட்கார்ந்திருப்பார். சிலவற்றில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனிப்பார்.

அன்று அவளுக்கே தன்னை நம்ப முடியவில்லை. முதல் அறையில் தலைவலிக்காரி. "தூங்கினீங்களா?" என்று இவள் வாயிலிருந்து தானாக வந்தது. அடுத்த அறையில் கோபக்காரக் கிழவர். திட்டி முடிக்கட்டும் என்று பொறுமையாகக் கேட்டாள். திட்டு தீர்ந்ததும் வலி எங்கே என்று அவரே சொன்னார். தெருவே வந்து நடித்துவிட்டுப் போன முன்னறைக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்.

கடைசி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். மூலை நாற்காலியில் யாரும் இல்லை. சுவரில் கறுப்புக் கண்ணாடி. அதைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தாள். கட்டிலில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஒரு காலைத் தொங்கப்போட்டபடி சாய்ந்திருந்தார்.

"வணக்கம் ஐயா. நான் இன்னிக்கு உங்களப் பார்க்க வந்திருக்கேன். என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லம்மா. வாயு. கொஞ்சம் சாஞ்சா சரியாப் போயிடும். நீ அப்படி உக்காரு."

வியாதியை ஒப்புக்கொள்ளாத நோயாளி. நல்ல வேஷம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள்.

"அந்த வாயு எங்க இருக்குன்னு கையால காட்டுங்க."

அவர் விரலால் காட்டவில்லை. கையை முஷ்டியாக மடக்கி நெஞ்சின் நடுவில் வைத்தார்.

"தாடைக்கோ கைக்கோ பரவுதா?"

"இடது கை கொஞ்சம் மரத்த மாதிரி."

நாடி பார்க்கக் கையைப் பிடித்தாள். சில்லென்று ஈரமாக இருந்தது. சித்தப்பாவும் வியர்வைக்கு முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொள்வார், துடைத்தால் போய்விடும். இவருக்குத் துடைக்கத் துடைக்க ஊறியது. நாடி தடுமாறியது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம் நடிப்ப நிறுத்துங்க. நிஜமா வலிக்குதா?"

அவர் அவளைப் பார்த்தார். பதில் சொல்ல மூச்சுப் போதவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

கதவு இரண்டே எட்டில் இருந்தது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. போன தடவை தோற்று வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒன்றுமே கேட்காமல் தட்டை எடுத்து வைத்தது ஞாபகம் வந்தது. எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"மேடம், கதவ மூடுங்க. இன்னும் மணி அடிக்கல" என்றார் நடையில் நின்ற காவலர்.

"மணி கெடக்கட்டும். ஸ்ட்ரெச்சர் கொண்டு வாங்க. ஒருத்தருக்கு ஹார்ட் அட்டாக்."

சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. முன்கட்டிலிருந்து நர்ஸும் ட்யூட்டி டாக்டரும் ஓடிவந்தார்கள். வலி எங்கே, எங்கே பரவுகிறது, நாடி எப்படி என்று திக்காமல் சொன்னாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்வரை அவர் இவள் கையை விடவில்லை. இவளும் விடுவித்துக்கொள்ளவில்லை. "பயப்படாதீங்க, நேரத்தோட பார்த்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தாள். நடையின் கோடியில் கதவு ஊஞ்சலாடி மூடிக்கொண்டது. அப்போதுதான் மணி அடித்தது.

திரும்பி வந்து வெறும் அறை வாசலில் நின்றாள். தோற்றாகிவிட்டது. அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கும் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம். அவரும் மனுஷர்தானே. கண்ணாடிக்குப் பின்னால் போகும் கதவைத் தேடிக் கண்டுபிடித்துத் தட்டினாள். பதிலில்லை. தள்ளித் திறந்தாள். உள்ளே வாளியும் துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும்தான் இருந்தன.

அரை மணி கழித்து, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் போன பணியாள் அம்மாள் முன்கட்டிலிருந்து திரும்பி வந்தாள்.

"அவருக்கு எப்படி இருக்கு?" என்று அவள் ஓடிப்போய்க் கேட்டாள்.

"பொழச்சுக்கிட்டாரு. நேரத்துல பார்த்தீங்களாம், பெரிய டாக்டர் சொன்னாரு."

அவளுக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் தன் கவலை திரும்பி வந்தது.

"அக்கா, நான் அவசரத்துல விதிய மீறிட்டேன். நிலைமையச் சொல்லி மார்க் கேக்கணும். இந்த அறைக்குப் பரிசோதகர் எங்க இருக்கார்?"

பணியாள் அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நோயாளியா நடிக்க வேண்டிய ஆளு இன்னிக்கு வரவே இல்லம்மா, நீங்க ஸ்ட்ரெச்சர்ல ஏத்தி அனுப்புனீங்களே, அவருதான் பரிசோதகரு."